சென்னையில் இருந்துகொண்டு ட்ரெக்கிங் குழுவில் சேரலாமா? எதைப் பார்த்துச் சேர்வது?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. வேளச்சேரியில் வீடு, நாள் முழுக்க நாற்காலி வேலை, வயது 34, கோயில் படிக்கட்டைத் தாண்டி எந்த மலையும் ஏறியதில்லை, நீச்சல் தெரியாது. சென்னையைச் சுற்றியுள்ள மலைகளைப் பார்க்க ட்ரெக்கிங் கிளப் ஒன்றில் சேரலாமா, எந்தக் கிளப் நல்லது? இவ்வளவும் கேட்டுவிட்டு, போகிற போக்கில் "நான் மெதுவாக நடந்தால் விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ" என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் கேள்வியே அந்த வரிதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். இன்ன கிளப் என்று பெயர் சொல்வதில் பெரிய பயனில்லை. ஒரே கிளப்பில் இந்த ஞாயிறு அழைத்துப்போகிறவர் ஒருவர், அடுத்த ஞாயிறு வேறொருவர். ஆனால் வரிசையில் கடைசியாக வருபவரை ஒரு குழு எப்படி நடத்துகிறது என்று தெரிந்துகொண்டால், அந்தக் குழுவின் மற்ற லட்சணங்களையும் ஏறக்குறையச் சொல்லிவிடலாம். குழுக்களை மலைக்கு அழைத்துப்போவதில் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம் உண்டு. மருத்துவமும் சட்டமும் என் தொழில் அல்ல. அவற்றைத் தொடும் இடங்களில் உறுதியாகத் தெரிந்ததோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் எந்த மாதிரி மலைக்குப் போகப் போகிறீர்கள் என்பது தெளிவாக வேண்டும். சென்னை தட்டையான ஊர். பரங்கிமலை, பல்லாவரம், திருநீர்மலைக் குன்றுகளை விட்டால் மலை என்று சொல்லத்தக்க எதற்கும் வண்டி ஏறித்தான் ஆகவேண்டும். ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி தாண்டினால் ஆந்திரத்தின் நாகலாபுரம் மலை. கொல்கத்தா நெடுஞ்சாலையில் தடா வரை போய் உள்ளே திரும்பி வரதய்யபாளையம் வழியாகப் போனால் உப்பலமடுகு. நம் ஊர்க்காரர்கள் 'தடா அருவி' என்பது இதைத்தான். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால் அல்லிக்குழி மலையில் குடியம் குகைகள். இன்னும் தொலைவில் போளூர்ப் பக்கம் பர்வதமலை, அதையடுத்து ஜவ்வாது மலை, ஜோலார்பேட்டையில் இறங்கினால் ஏலகிரி. ஊட்டி, மூணாறு படங்களை மனதில் வைத்துக்கொண்டு இவற்றுக்குப் போகாதீர்கள். இவை கிழக்குத் தொடர்ச்சி மலைகள். உயரம் குறைவு, முட்புதர் அதிகம், நிழல் சொற்பம், பத்து மணிக்கு மேல் பாறையே அனல் கக்கும். நாகலாபுரத்தில் பல இடங்களில் பாதை என்று ஒன்று கிடையாது. ஓடைக்குள்ளேயே பாறைக்குப் பாறை கால் வைத்துப் போகவேண்டும். தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர்கூட அங்கே தடுமாறுவார். அங்கே மூச்சைவிடக் கால் நிதானம்தான் அதிகம் தேவை. குடியத்தில் ஏற்றம் பெரிதில்லை, ஆனால் வழி நெடுக உருண்டைக் கூழாங்கற்கள். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் திரும்பி வரும்போதுதான், கால் சோர்ந்து கவனம் பேச்சில் இருக்கும் நேரத்தில்.

எப்போது போவது என்பதற்கும் இதே நிலம்தான் விடை சொல்கிறது. டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் முடிந்து ஓடைகளில் தண்ணீர் இருக்கும், வெயிலும் தாங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் முற்பகுதி வரை மலைக்கு மேலே பெய்த மழை நீங்கள் நிற்கும் ஓடையில் சற்று நேரம் கழித்துத்தான் வந்து சேரும். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே காலடியில் வெள்ளம் ஏறிவிடும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் பையைக்கூட எடுக்க நிற்காமல் கரையேற வேண்டும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை காட்டுத்தீக் காலம் என்பதால் தமிழ்நாட்டு வனப்பாதைகளைப் பொதுவாக மூடிவிடுவார்கள். ஏப்ரல் பிற்பகுதியும் மே மாதமும் திறந்தே இருந்தாலும், முதல்முறை போகிறவருக்கு வேண்டாம்.

அனுமதி விஷயத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். தமிழ்நாட்டில் 1882-ஆம் ஆண்டு வனச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. சரணாலயம் என்றால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் கூடச் சேர்ந்துகொள்ளும். 2018-இல் மலையேற்றத்துக்கென்றே தனி விதிகளும் வந்தன. "லோக்கல் ஆள் ஒருத்தர் கூட வர்றார்", "செக்போஸ்ட்டில் பேசிக்கலாம்", "வருஷா வருஷம் போற இடம்தான்" என்பதெல்லாம் அனுமதி ஆகாது. அனுமதி என்றால் காகிதம் அல்லது ரசீது. அதில் தேதி, பாதையின் பெயர், ஆட்களின் எண்ணிக்கை மூன்றும் இருக்கவேண்டும். கிளப்பிடம் அதன் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் பாதையின் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். மலையடிவார அருவி வரைக்கும் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு, அங்கிருந்து உச்சிக்கு ஏறிவிடுவது நடைமுறையில் நிறைய நடக்கிறது. கையில் சீட்டு இருக்கும், நிற்கிற இடத்துக்கு அது செல்லாது.

ஆந்திரப் பக்கத்தில் இது அபராதத்தோடு போகிற விஷயமும் அல்ல. சித்தூர், திருப்பதி, கடப்பா மாவட்டக் காடுகள் செம்மரம் விளையும் காடுகள். கடத்தலைத் தடுக்கவென்றே தனிப்படை வைத்திருக்கிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லித் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேரைச் சுட்டுக்கொன்றது நினைவிருக்கும். முதுகில் பையோடு, கையில் காகிதம் இல்லாமல், தமிழ் பேசும் கூட்டம் ஒன்று விடியற்காலையில் அந்தப் பக்கக் காட்டுக்குள் நிற்பது எவ்வளவு மடத்தனம் என்று நான் விளக்கவேண்டியதில்லை.

தமிழ்நாட்டு விதிகள் 2018-இல் வந்ததற்குக் காரணம் குரங்கணி. அந்த ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் போடிக்கு அருகே கொழுக்குமலை இறக்கத்தில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வார இறுதிக்காகப் போன குழுக்கள் அவை. அவர்கள் போன பாதைக்கு முறையான அனுமதி இருந்ததா என்பதே பெரிய சர்ச்சையானது. தீயைப் பற்றி ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளவேண்டியது சரிவில் அது ஓடும் திசை. மேல்நோக்கிப் போகும் தீ தனக்கு மேலே இருக்கும் புல்லைக் காயவைத்துக்கொண்டே ஏறும். சரிவு செங்குத்தாக ஆக வேகம் கூடும். மேலே ஓடி மனிதனால் தப்ப முடியாது. பக்கவாட்டில் விலகி, ஏற்கெனவே எரிந்து கருகிய நிலத்துக்கோ, வெறும் பாறைக்கோ, ஓடைக்கோ போகவேண்டும். நைலான், பாலியெஸ்டர் உடை உருகித் தோலோடு ஒட்டும் என்பதால் கனத்த பருத்தித் துணி இருந்தால் போர்த்திக்கொள்ளவேண்டும். காய்ந்த போதைப்புல் (மலைச்சரிவில் உயரமாக வளரும் ஒரு வகைப் புல்) மண்டிய சரிவுக்கு மார்ச் மாதத்தில் உங்களைக் கூப்பிடும் எந்தக் குழுவுக்கும், அனுமதி இருப்பதாகச் சொன்னாலும், மறுப்புச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் நிலையில் இருப்பவருக்கு நான் முதலில் சொல்வது அரசின் வழியைத்தான். 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தார்கள். இணையத்தில் பதிவு செய்தால் அனுமதியும் அதிலேயே அடங்கிவிடும். மலையோரத்து ஊர்களையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்த பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் கூட வருவார்கள். கட்டணம் அதிகம் என்ற முணுமுணுப்பு தொடக்கத்திலேயே எழுந்தது. அதில் நியாயம் உண்டு. ஆனாலும் சென்னைக்குப் பக்கத்தில் குடியம் குகை, சற்றுத் தள்ளி ஏலகிரி சுவாமிமலை இரண்டும் முதல் நடைக்குப் பொருத்தமானவை. குடியத்துக்கு வேறு ஒரு மதிப்பும் இருக்கிறது. 1863 மே மாதம் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்து, அதே ஆண்டில் வில்லியம் கிங்குடன் பூண்டிப் பக்கத்து அத்திரம்பாக்கத்துக்குப் போனார். அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் ஆய்வு வெளியானது. குடியம் அதே வட்டாரத்தின் கல்லாயுதக்கால வாழிடம். காலில் இடறும் கல் ஒன்று கருவி மாதிரி தோன்றினால் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். இடம் மாறிவிட்டால் ஆய்வாளருக்கு அது வெறும் கல்தான்.

அரசுப் பாதைகளில் ஒரு குறை. ஒவ்வொரு முறையும் புதிய முகங்கள். நடையைச் சொல்லித்தர, தொடர்ந்து திருத்த ஆள் இருக்காது. கிளப்பின் பயன் அங்கேதான். 2008-இல் தொடங்கிய சென்னை ட்ரெக்கிங் கிளப் போலத் தன்னார்வலர்கள் செலவைப் பகிர்ந்து நடத்துபவை ஒரு வகை. யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் போல உறுப்பினர் சந்தாவில் நாடு முழுக்க இயங்குவது இன்னொன்று. லாபத்துக்கு நடத்தும் நிறுவனங்கள் மூன்றாவது. இன்ஸ்டாகிராமில் ரீல் போட்டு, ஜிபேயில் பணம் வாங்கி, வாட்ஸ்அப்பில் கூட்டம் சேர்ப்பவை நான்காவது. இன்று எண்ணிக்கையில் மிகுதி இவைதான். லாபம் இல்லாதது பாதுகாப்பானது, காசு வாங்குவது மோசமானது என்ற கணக்கு தவறு. தன்னார்வக் குழுவில் "யார் பொறுப்பு" என்ற கேள்விக்கு விடை இல்லாமல் போவதும் உண்டு. நிறுவனத்தில் பஸ்ஸை நிரப்பும் அவசரம் உண்டு.

சேருமுன் யாரிடமாவது போனில் பேசுங்கள். "கடைசியில் யார் வருவார்?" என்பதே முதல் கேள்வி. ஒழுங்கான குழுவில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நியமிக்கப்பட்டிருப்பார்கள்; பின்னால் வருபவரை 'ஸ்வீப்' என்பார்கள். அவர் யாரையும் தன் முதுகுக்குப் பின்னால் விடக்கூடாது. பெயர் சொல்லிப் பதில் வந்தால் நல்லது. "எல்லாரும் ஒண்ணாத்தான் போவோம்" என்று வந்தால் யாரும் இல்லை என்று அர்த்தம். அடுத்து, "கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் எவ்வளவு நேரம் நிற்பீர்கள்?" என்று கேளுங்கள். கேட்பதற்குச் சில்லறை விஷயமாகத் தோன்றும். நடப்பது இதுதான்: வேகமானவர்கள் முன்னால் போய் நிழலில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருப்பார்கள். மெதுவானவர் வியர்த்து விறுவிறுத்து வந்து சேரும்போது "வந்தாச்சா, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். அதிகம் ஓய்வு வேண்டியவருக்கு நாள் முழுக்க ஓய்வே கிடைக்காது. மதியத்துக்கு மேல் சுருண்டு விழுவதும், கால் பிசகுவதும், வழி தவறுவதும் அவர்தான். பிறகு "ஃபிட்னெஸ் இல்லாதவங்க வரக்கூடாது" என்று அவர் மேலேயே பழியும் விழும். ஓய்வு நேரம் கடைசி ஆள் உட்கார்ந்த பிறகே தொடங்கவேண்டும். மெதுவானவரை முன்னால் நடப்பவருக்கு அடுத்தபடியாக இரண்டாவது ஆளாக நிறுத்துவது இன்னும் நல்ல வழி. மொத்தக் குழுவின் வேகமும் தானாக அடங்கிவிடும், அவருக்கும் கூச்சம் இருக்காது.

திரும்பும் நேரத்தையும் கேட்டுவிடுங்கள். டிசம்பரில் சென்னையில் ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் விழுந்துவிடும். பள்ளத்தாக்கு ஓடைக்குள் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே இருட்டத் தொடங்கும். நாலு மணிக்குக் காட்டை விட்டு வெளியே வரவேண்டும் என்றால், எங்கே நின்றுகொண்டிருந்தாலும் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குத் திரும்பியாக வேண்டும். இந்த நேரத்தை முதல் நாளே எழுதி அறிவிக்கும் குழுவை நம்பலாம். "பார்த்துக்கலாம்" என்பவர்களுடன் போனால், கைபேசி வெளிச்சத்தில் ஈரப்பாறையில் இறங்கவேண்டி வரும். ஒருவருக்குப் பத்துப் பேருக்கு மேல் பொறுப்புக் கொடுத்திருந்தால் அதுவும் சரியில்லை. ஐம்பது பேர் ஒரு பஸ்ஸில் வந்து ஒற்றையடிப்பாதையில் நடந்தால், முன்னால் போகிறவர் விசில் பின்னால் வருகிறவர் காதில் விழாது. அழைத்துப்போகிறவர் இந்தப் பருவத்தில் அந்தப் பாதையில் போய்ப் பார்த்திருக்கிறாரா என்பதும் முக்கியம்; ஒரு மழைக்காலம் முடிந்தால் ஓடை தன் வழியையே மாற்றியிருக்கும். முதலுதவிப் பெட்டி யார் பையில் இருக்கும், பயிற்சி பெற்றவர் யார், என் வீட்டு எண்ணை யார் வைத்திருப்பார் என்பவற்றையும் கேளுங்கள். பெண்ணாக இருந்தால், இதற்கு முன் போன பெண்கள் இரண்டு பேரின் தொடர்பைக் கேட்டு அவர்களிடமே பேசிவிடுவது எந்த விமர்சனத்தைப் படிப்பதையும்விட நல்லது.

நல்ல அடையாளம் ஒன்று சொல்லட்டுமா? உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்கும் குழு. மூச்சிரைப்பு உண்டா, சர்க்கரைக்கு மருந்து எடுக்கிறீர்களா, முன்பு எங்கே போயிருக்கிறீர்கள், நீச்சல் தெரியுமா என்று விசாரித்து, "இது உங்களுக்கு வேண்டாம், அடுத்த மாதம் இன்னொன்று இருக்கிறது, அதற்கு வாருங்கள்" என்று சொல்பவர்கள் கிடைத்தால் விடாதீர்கள். மழை எச்சரிக்கை வந்ததால் ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கொடுத்த வரலாறு ஒரு குழுவுக்கு இருந்தால், அழகான படங்கள் நூறு இருப்பதைவிட மேல். இவ்வளவு விசாரித்தாலும் ஒரு குழுவின் தரம் வெளியிலிருந்து முழுக்கத் தெரியாது. ஒருநாள் நடையில், ஏதாவது பிசகும்போது அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்துத்தான் முடிவு செய்யமுடியும். அதனால் முதல் இரண்டு, மூன்று நடைகளை இரவுத் தங்கல் இல்லாததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

உடல் தகுதிக்கு வருகிறேன். ஜிம் தேவையில்லை, படிக்கட்டு வேண்டும். ஒரு மாடி ஏறுவது ஏறக்குறைய மூன்று மீட்டர் ஏற்றம். வாரத்தில் மூன்று நாள் அடுக்குமாடிப் படியில் முதலில் இருபது மாடிக் கணக்கு, ஆறு வாரத்தில் அறுபது வரை ஏற்றிக்கொண்டே போங்கள். அந்த ஆறு வாரத்தில் பாதி கடந்ததும் முதுகில் ஐந்து கிலோ பையோடு ஏறுங்கள். ஏறும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடியவேண்டும். சொற்கள் துண்டு துண்டாக வந்தால் வேகத்தைக் குறையுங்கள். இறங்குவதற்கு லிஃப்ட் எடுக்காதீர்கள். மறுநாள் தொடையைப் பிடித்து இழுப்பதும் முட்டியை வலிக்கவைப்பதும் இறக்கம்தான். அதற்கும் பயிற்சி வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் திருக்கழுக்குன்றம், பிறகு சோளிங்கர் பெரிய மலை என்று போனால் சாமி கும்பிட்டமாதிரியும் ஆயிற்று. சோளிங்கரில் சுமார் 1,300 படிகள். நிறுத்தி நிறுத்தியாவது பையோடு ஏறி, நடுக்கம் இல்லாமல் இறங்கிவிட்டால் எளிய பாதைகளுக்கு நீங்கள் தயார். கடப்பாரைகளையும் சங்கிலியையும் பிடித்து ஏறும் பர்வதமலைக்கு அது போதாது. முட்டியில் ஏற்கெனவே வீக்கமோ, இறங்கும்போது 'பிடித்துக்கொள்ளும்' உணர்வோ இருந்தால் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டே தொடங்கவேண்டும்.

கிளப் சொல்லும் 'ஆறு மணி நேரம்' நம்பத்தக்கதா என்று நீங்களே கணக்குப் போடலாம். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் வரும். இது குளிர் நாட்டில், நல்ல பாதையில், நிற்காமல் நடப்பவர் கணக்கு. நம் வெயிலில் இருபது பேர் குழுவுக்கு அதை ஒன்றரை மடங்காக்குங்கள். ஓடைப்பாறை வழி என்றால் இரண்டு மடங்கு. கிளப் சொல்வது இதைவிடக் குறைவாக இருந்தால் அவர்கள் சொல்வது முதல் ஆளின் நேரத்தை.

பொருட்களில் காலணிக்குத்தான் காசு செலவழிக்கலாம். பாதம் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், நடைக்குப் போடும் காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். வழக்கமான அளவைவிட அரை அல்லது ஒரு அளவு பெரிதாக, விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல் நுனி முட்டி நகம் கறுத்துவிடும். ஓடை வழிகளுக்கு, தண்ணீர் புகாத கனத்த பூட்ஸ் வேண்டாம். மேலே புகுந்த தண்ணீர் வெளியேறாமல் நாள் முழுக்கக் கனக்கும். தண்ணீர் வடிந்துபோகும் வலைத்துணி மேல்பாகமும் பற்றுள்ள ரப்பர் அடியும் போதும். பாசி படிந்த பாறையில் எந்த விலையுள்ள ஷூவும் பிடிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே உட்கார்ந்து நகர்வதில் வெட்கமே வேண்டாம். பரணில் பல வருடம் கிடந்த ஷூவை அப்படியே மாட்டிக்கொண்டு போகாதீர்கள். அடிப்பாகத்தின் பசையும் நுரையும் நம் ஊர் ஈரக்காற்றில் இற்றுப்போயிருக்கும். பார்வைக்குப் புதிதாக இருக்கும், மூன்றாவது கிலோமீட்டரில் அடி முழுதும் கழன்று வரும். இரண்டு மீட்டர் நைலான் கயிறு பையில் இருந்தால் கட்டிக்கொண்டு வீடு சேரலாம். ஜீன்ஸ் வேண்டாம். முழுக்கை, முழுநீளக் கால்சட்டை, தொப்பி, நெற்றியில் கட்டும் டார்ச், விசில். கைபேசியில் அந்தப் பகுதி வரைபடத்தை முதல் நாளே இறக்கி வையுங்கள். டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்.

தண்ணீர் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர், வெயில் ஏறினால் முக்கால். பகல் நடைக்கு நான்கு லிட்டர் சுமந்தே ஆகவேண்டும். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து; வியர்வையில் போன உப்பு ஈடாகாமல் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கலக்குங்கள், கண்ணளவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொள்ளாதீர்கள். கூட வருபவர் பேச்சு குழறி, நடை தள்ளாடி, சம்பந்தமில்லாமல் எரிந்து விழுந்தால் அது சோர்வு அல்ல, வெப்பத்தாக்குதலாக இருக்கலாம். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறவேண்டும். குளிரவைப்பது முதலில், தூக்கிக்கொண்டு போவது பிறகு.

நீச்சல் தெரியாது என்றீர்கள். இதைத்தான் எல்லாவற்றையும்விடக் கவனமாகப் படிக்கவேண்டும். நாகலாபுரம், தடா போன்ற இடங்களில் பாம்பைவிட மடுதான், அதாவது ஓடையில் தண்ணீர் ஆழமாகத் தேங்கும் பள்ளம்தான், அதிக உயிர் வாங்குகிறது. மடுவின் தண்ணீர் தெளிவாக இருக்கும். தரை தெரிகிறது, இடுப்பளவுதான் என்று நினைத்து இறங்குவீர்கள். பாறையில் படி படியாகச் சரிவு போய், ஓர் அடி தள்ளினால் ஆள் உயரத்துக்கு மேல் ஆழம் இருக்கும். அடியில் பாசி என்பதால் திரும்பி ஏறக் கால் ஊன்றாது. அருவி விழும் இடத்தில் நுரை கலந்த தண்ணீர் உடம்பைத் தாங்காது, நீச்சல்காரரே திணறுவார். "கயிறு கட்டியிருக்கிறோம்", "டியூப் இருக்கு" என்பதை நம்பி நடு மடுவுக்குப் போகாதீர்கள். கை வழுக்கினால் அவ்வளவுதான். மடுவை நீந்திக் கடந்தால்தான் வழி என்கிற பாதைக்கு, உங்கள் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் ஒவ்வொருவருக்கும் இல்லாவிட்டால் போகவே கூடாது. மது எடுத்துவருபவர்கள் உள்ள குழு என்று தெரிந்தால் அந்தக் கணமே விலகுங்கள். யாராவது மூழ்கினால் குதிக்காதீர்கள். கயிறு, வேட்டி, கிளை, காலி கேன் எதையாவது வீசுங்கள். ஒருவரைக் காப்பாற்ற இறங்கி இரண்டு பேர் போவதுதான் வழக்கமான செய்தி. நீச்சல் பழகுவதற்கு 34 ஒன்றும் வயதாகிவிடவில்லை, மலைக்கு முன்னால் அதைத் தொடங்கினாலும் நல்லதே.

பாம்புக்கு இவ்வளவு பயம் வேண்டாம், ஆனால் செய்யவேண்டியது தெரிந்திருக்கவேண்டும். கடித்த இடத்தைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் கூடாது. மோதிரம், கடிகாரம், கொலுசைக் கழற்றி, அந்த உறுப்பை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், அதனால் பாம்பை அடித்து எடுத்துவரத் தேவையில்லை. 108-ஐ அழைக்கும்போது முதலில் மாவட்டப் பெயரைச் சொல்லுங்கள். மாநில எல்லையில் எந்தப் பக்க டவர் பிடிக்கும் என்று சொல்லமுடியாது. பாறை விளிம்பில் மலைத்தேனீ அடை தொங்கினால் சத்தமும் புகையும் வேண்டாம், வாசனைத் தைலம் பூசிக்கொண்டு வரவும் வேண்டாம். கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள். தண்ணீரில் மூழ்கினால் தலை தூக்கும் வரை அவை மேலேயே சுற்றும்.

கிளம்பும் முன் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள், "என்ன நேர்ந்தாலும் நானே பொறுப்பு" என்று. கவனக்குறைவால் ஒருவர் இறந்தால் வரும் குற்றப் பொறுப்பை எந்தக் கையெழுத்தும் அழிக்காது, இதில் சந்தேகமில்லை. நஷ்டஈட்டு விஷயத்தில் அந்தப் படிவம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது வழக்குக்கு வழக்கு மாறக்கூடியது, வழக்கறிஞரைத்தான் கேட்கவேண்டும். உங்கள் விபத்துக் காப்பீட்டையும் ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள். சாகச விளையாட்டுக்கு விலக்கு என்ற வரி பல பாலிசிகளில் இருக்கிறது.

கடைசியாக, வீடு திரும்பிய பிறகு வரக்கூடிய ஒன்று. வட தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளில், குறிப்பாக மழைக்குப் பின் வரும் குளிர்மாதங்களில், ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் உண்ணிக்காய்ச்சல் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது. கடித்தது உங்களுக்குத் தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துக் கடும் காய்ச்சலும் தலைவலியும் தொடங்கும், அதற்குள் மலைக்குப் போனதே மறந்திருக்கும். புல்லில் வெறும் உடம்போடு படுக்காதீர்கள், கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து அன்று போட்ட துணியை வெந்நீரில் துவையுங்கள். காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்ட தழும்பு போலக் கறுத்த புண் இருக்கிறதா என்று பாருங்கள். புண் இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. மருத்துவரிடம் "இத்தனை நாளைக்கு முன் காட்டுக்குப் போயிருந்தேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். டெங்கு, டைஃபாய்டு என்று தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த ஒரு தகவல் இருந்தால் சரியான பரிசோதனையை முதல் நாளே எழுதிக்கொடுப்பார். வேளையோடு கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்கிளின் போன்ற மலிவான மாத்திரைக்கே அது அடங்கிவிடும்.